கரட்டுச் சீதனம் – 11: எந்தக் குழி?

போன வாரம் ஜக்கம்மாளை எரியோட்டு வீட்டில், திறந்த டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், என்ன ஆனாள் என்று ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒன்றும் ஆகிவிடவில்லை. விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அரக்குச் சேலையை எடுத்துக் கட்டி, முந்தியில் நூற்றிருபது ரூபாயை முடிந்துகொண்டு, பஸ்ஸுக்குத் தயாராக வாசலில் நின்றாள். பங்குகளை விற்கப் போகிறாளா, மாட்டேன் என்று சொல்லப் போகிறாளா என்பது அவளுக்கே தெரியாது. எதுவானாலும் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிப் போய்ச் செய்ய வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ரெண்டு வார்த்தை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜக்கம்மாளின் அப்பா மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது இருபத்தைந்து ஏக்கர் கரடு. புல் முளைக்காது, ஆடுகூட ஏறிப் பார்த்துவிட்டுச் சும்மா இறங்கிவிடும். "பொண்ணுக்கு நகை போடச் சொன்னா மனுசன் கல்லப் போட்டு அனுப்பியிருக்கான்" என்று புகுந்த வீட்டில் சிரியோ சிரி என்று சிரித்தார்கள். அன்றைக்கு வைத்த பேர்தான் கல்லுக்காரி. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் மறந்தே போயிற்று.

ஐம்பத்தேழாம் வருஷம் குடகனாறு உரக்கல் கம்பெனிக்காரர்கள் அந்தக் கரட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். இடித்துப் பொடியாக்கிக் கொல்லையில் போட்டால் கடலை குலுங்கக் காய்க்கிற கல் அங்கே இருந்தது. நிலத்துக்குப் பணம் வேண்டுமா, பத்து ரூபாய்ப் பங்கு ஐந்நூறு வேண்டுமா என்று கேட்டார்கள். "பங்கே குடுங்க. கல்லு என்னுதாவே இருக்கட்டும்" என்றாள் ஜக்கம்மாள். கல்லைக் கொடுத்துக் காகிதம் வாங்கினவள் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

அந்தக் காகிதம் பங்குக்கு ஒன்றரை ரூபாய், பிறகு இரண்டு ரூபாய் என்று டிவிடெண்டு கொடுத்ததும் சிரிப்பு அடங்கியது. வருஷம் ஆயிரம் ரூபாய்! கிணற்றுக்கு மோட்டார் வந்தது. மகள் சண்முகவள்ளி மதுரைக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் வாங்கி, இப்போது திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். எல்லாம் கல் போட்ட சோறு.

இப்போது சுருளிவேல் என்கிற தரகர் பங்குக்குப் பதினோரு ரூபாய் தருகிறேன் என்கிறார். கணவனின் அண்ணன் பெருமாள்சாமிக்குக் கன்னிவாடிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு மேல் கண். "வித்துக் குடு ஆத்தா, தோப்ப முடிச்சிருவோம்" என்று ஒரு மாதமாக அரிக்கிறார். கணவர் ஆண்டிச்சாமி, "உன் கல்லு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார். இன்று சனிக்கிழமை, திண்டுக்கல்லில் கம்பெனியின் வருஷக் கூட்டம். அது முடிந்ததும் ஜக்கம்மாள் தரகருக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பஸ்ஸில் பெருமாள்சாமி முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் மகளும் பின்னால்.

"ஏ புள்ள, அந்தக் கணக்க இன்னொரு தரம் சொல்லு."

"எத்தன தரம்மா?"

"புளியவே ரெண்டு தரம் கரைக்கிறோம். சொல்லு."

வள்ளி சொன்னாள். வகுப்பில் சொல்கிற மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள்.

"பங்குன்னா இனிமே வரப்போற டிவிடெண்டு அம்புட்டையும் சேத்ததுதாம்மா. ஆனா அடுத்த வருஷம் வர்ற ரெண்டு ரூபா இன்னைக்கு ரெண்டு ரூபா ஆகாது. நம்ம ஊர்ல நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி. அந்த வட்டியக் கழிச்சிட்டா, இன்னைக்கு அது ஒண்ணே முக்கால் சொச்சம். அதுக்கடுத்த வருஷத்தோடது ஒண்ணரையும் கொஞ்சமும். மூணாவது வருஷத்தோடது ஒண்ணரைக்கும் கீழ."

"அப்புறம்?"

"அப்புறம் ஏது? கல்லு தீந்துரும். இனி எடுக்க மிச்சம் தொள்ளாயிரம் குழின்னு அறிக்கையில போட்டிருக்காங்க. மூணு குழி ஒரு செண்டு. அப்ப மூணு ஏக்கர். அஞ்சு வருஷத்துல ஆறு ஏக்கர் தோண்டியிருக்காங்க. மிச்சம் மூணு வருஷமே தாங்காது. எல்லாத்தையும் கூட்டினா அஞ்சு ரூபா வருது. கடைசில லாரி, மெஷின வித்துப் பங்குக்குப் பிரிச்சா ஒரு ரெண்டு. ஆக மொத்தம் ஏழு."

"என் கரடு இருபத்தஞ்சு ஏக்கராச்சே?"

"கரடு பூராம் உரக்கல்லா இருக்கும்? சோளத்துல எல்லாத் தட்டையிலயுமா கருது புடிக்குது?"

மகள் சொல்லுகிற கணக்கில் குற்றம் கண்டுபிடிக்க ஜக்கம்மாளால் முடியாது. கண்டுபிடிக்க ஆசையும் கிடையாது. நிலத்தைக் குழியில் அளக்கத்தான் அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவுக்கும் தெரியும். பெண்ணுக்கு அளக்கக் கற்றுக் கொடுத்ததே ஆண்டிச்சாமிதான். ஆனாலும் மனசுக்குள் ஏதோ ஒன்று செருப்பில் ஏறின முள் மாதிரி நெருடியது.

"ஏழு ரூபாப் பொருளுக்கு அந்தாளு ஏன் பதினொண்ணு தாரான்?"

வள்ளி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அதாம்மா எனக்கும் புரியல. லாரியும் மெஷினும் வேணும்னு ஒரு பார்ட்டி கேக்குதுன்னு சொல்றாரு. நமக்கென்ன, லாபந்தானேன்னு பேகம்பூர் ஷரீஃபாக்காகிட்டயும் வித்துருங்கன்னு சொல்லிட்டேன்."

ஷரீஃபா யார் என்பது ஜக்கம்மாளுக்குத் தெரியும். ஷரீஃபாவின் பெண் வள்ளியின் வகுப்பில்தான் படிக்கிறது. புருஷன் கம்பெனியில் எடை மேஸ்திரியாக இருந்து காலமானவர். அவர் விட்டுப் போனது அறுபது பங்கு. வீட்டு வாடகை அந்த டிவிடெண்டில்தான் ஓடுகிறது.

"வித்துட்டாளா?"

"புதன்கெழம அம்பத்தொரு ரூபா அச்சாரம் வாங்கிட்டாங்களாம். மிச்சம் திங்கக்கெழம தருவாராம்."

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுருளிவேல் எதிரே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சிரிப்பு. காப்பி கிளப்புக்கு அழைத்துப் போய் நான்கு காப்பிக்குச் சொன்னார். ஜக்கம்மாள் வேண்டாம் என்றாள். தரகன் வாங்கிக் கொடுக்கிற காப்பி நாக்கைக் கட்டிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"தாயி, ஒங்க பொண்ணே கணக்குப் போட்ருச்சு, ஏழு ரூபாதான்னு. நான் பதினொண்ணு தாரேன். இதுக்கு மேல என்ன யோசன? அங்கிட்டு இன்னும் தொள்ளாயிரம் பிட்டு..." சட்டென்று நிறுத்தி ஒரு மடக்குக் காப்பி குடித்தார். "தொள்ளாயிரம் குழிதான கெடக்கு?"

"புட்டா?" என்றாள் ஜக்கம்மாள். "காலங்காத்தால எந்த வீட்டுப் புட்டு?"

பெருமாள்சாமி வாய்விட்டுச் சிரித்தார். தரகரும் சிரித்தார், கொஞ்சம் கூடுதலாகவே. "பசியில வாய் கொழறுது தாயி!"

கூட்டம் நடக்கிற இடத்துக்கு நடந்தார்கள். வழியில் ஒரு நகைக் கடை. கண்ணாடிப் பெட்டியில் சிவப்புக் கல் வைத்த தோடு ஒன்று போன மாதமும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஜக்கம்மாள் முந்தியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். டிவிடெண்டில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த நூற்றிருபது. கல்லுக்காரி என்று கூப்பிட்டவர்கள் கண் முன்னால், கல்லில் விளைந்த காசில், கல்லுத் தோடு போட்டு நடக்க வேண்டும் என்று அவள் சபதம் போட்டு ஐந்து வருஷமாகிறது. இன்று திரும்பும்போது வாங்கியே தீருவது.

"விக்கிற அன்னைக்கா தோடு?" என்று வள்ளி மெதுவாகக் கேட்டாள்.

"வித்தாலும் அது என் கல்லுதாண்டி."

மெயின் ரோட்டு மாடி ஹாலில் கூட்டம். மர நாற்காலிகள் முழுக்க ஆண்கள். வியாபாரிகள் முன்னால், எரியோட்டுப் பக்கத்து விவசாயிகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால். பெண்கள் என்று பார்த்தால் இவர்கள் இரண்டு பேர்தான். உள்ளே நுழைந்ததும் நூறு தலை திரும்பியது. ஜக்கம்மாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஓரமாக உட்காரச் சொன்ன பெருமாள்சாமியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தலைவர் வரவு செலவு வாசித்தார். பங்குக்கு இரண்டு ரூபாய் என்று அறிவித்ததும் கை தட்டினார்கள். பிறகு மானேஜர் ராயப்பராஜ் எழுந்தார். நல்ல மனுஷர், கரட்டுக்கு வரும்போதெல்லாம் ஆண்டிச்சாமி வீட்டில் மோர் குடிக்காமல் போகமாட்டார்.

"போன வருஷம் அறுபது குழி வெட்டினோம். வர்ற வருஷமும் அறுபது வெட்டுறதா உத்தேசம். உரத்துக்குக் கிராக்கி கூடிக்கிட்டே போகுது..."

ஜக்கம்மாளுக்கு அங்கேயே காது நின்றுவிட்டது. அறுபது குழியா? மூன்று குழி ஒரு செண்டு என்றால் அறுபது குழி இருபது செண்டு. இருபது செண்டு அவள் வீட்டுக் கத்தரித் தோட்டம் அளவுகூட இல்லை. போன வருஷம் இதே நாளில் கம்பெனி ஒற்றை வேப்பமரத்துக்கு மேற்கே நின்றது. இந்த வருஷம் அதைத் தாண்டி ஓடை வரைக்கும் வந்துவிட்டது. கடலை பிடுங்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறாளே! ஒரு ஏக்கருக்கு மேலேயே இருக்கும்.

"ஏ வள்ளி, அறுபது குழின்னா இருபது செண்டுதான?"

"ஆமா."

"வேப்பமரத்துக்கும் ஓடைக்கும் நடுவுல இருபது செண்டா இருக்கு? ஒரு ஏக்கருக்கு மேல தோண்டியிருக்கான். இவரு சொல்ற குழி எந்தக் குழி?"

வள்ளி அம்மாவைப் பார்த்தாள். முகத்திலிருந்து ரத்தம் வடிந்தது போல் வெளுத்தாள். பிறகு குபுக்கென்று சிவந்தாள். அடுத்த நிமிஷம் எழுந்து நின்றேவிட்டாள்.

"ஐயா, ஒரு கேள்வி..."

தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "நீ பங்குதாரராம்மா?"

"பங்கு எங்கம்மா பேர்ல."

"அப்ப ஒக்காரும்மா. பங்குதாரருக்குத்தான் இங்க பேச உரிமை. அதான் சட்டம்."

முன் வரிசையில் யாரோ, "பள்ளிக்கூடம்னு நெனச்சுருச்சு போல" என்று சொல்ல, ஹால் சிரித்தது. வள்ளி உட்கார்ந்தாள். பெருமாள்சாமி பின்னாலிருந்து, "மானத்த வாங்காதீங்க, ஒக்காருங்க" என்று பல்லைக் கடித்தார்.

சிரிப்பு ஜக்கம்மாளுக்குப் பழகின சாமான். இருபத்து மூன்று வருஷம் கேட்டது. ஆனால் மகளைப் பார்த்துச் சிரித்தால்? எழுந்தாள். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பங்குதாரி. ஐந்நூறு பங்கு. நீங்க தோண்டுறதே எங்கப்பன் குடுத்த கரட்டுலதான். நான் பேசலாமா?"

தலைவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார், வைத்தார். "பேசுங்கம்மா."

"குழி குழிங்கிறீகளே, அது எந்தக் குழி? நிலம் அளக்குற குழியா, நீங்க நோண்டுற குழியா?"

முதலில் ஒருவர் சிரித்தார். பக்கத்தில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. பின் வரிசை விவசாயிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா, எந்தக் குழி?" என்று ஒரு குரல் வந்தது.

மானேஜர் ராயப்பராஜ் விழித்தார். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிறந்து வளர்ந்தது டவுன், படித்தது சுரங்கப் படிப்பு. "குழின்னா... குழிதாம்மா. முப்பதடிக்கு முப்பதடி சதுரமா வெட்டுவோமே, அது ஒரு குழி. ஆபீஸ்ல அதைப் பிட்டுன்னு சொல்லுவோம். ஊர்க்காரங்க படிக்கிறதுக்காகத் தமிழ்ல குழின்னு போட்டோம்."

"ஐயா சாமி!" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாங்க அம்புட்டுப் பேரும் நிலக் குழின்னுல்ல நெனச்சோம்!"

ஹாலில் ஒரே அமளி. பிட்டு என்ற வார்த்தையை எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது ஜக்கம்மாளுக்கு. யோசிக்க அவகாசமில்லை. பக்கத்தில் வள்ளி அறிக்கையைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் பென்சிலால் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தவளை மானேஜர் பார்த்தார்.

"தலைவர் அனுமதிச்சா, அந்தப் பொண்ணு போட்ட கணக்கைக் கேக்கலாம்னு நெனைக்கிறேன்."

தலைவருக்கு இனி எந்தச் சட்டத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

வள்ளி எழுந்தாள். முன் வரிசையைப் பார்த்துப் பேசுவாள் என்று ஜக்கம்மாள் நினைத்தாள். அவளோ திரும்பி, பின் வரிசையைப் பார்த்து நின்றாள்.

"ஒரு பங்கு ஏழு ரூபாதான் பெறும்னு ஊர்ல சொன்னது நாந்தான். அந்தக் கணக்கு தப்பு. கேட்டுப் பாக்காம, குழின்னதும் நிலக் குழின்னு எடுத்துக்கிட்டேன். படிச்சவ சொல்றாளேன்னு நீங்க நம்பினீங்க. அது என் தப்புத்தான்."

எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள், சொல்லுங்கள்? தப்பு அச்சிட்டவன்மேல் என்று கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஜக்கம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டம் வாங்கின அன்றைக்குக்கூட இப்படி இல்லை. இவளைப் பெற்றவள் நான் என்று நாற்காலி மேல் ஏறி நின்று கத்த வேண்டும் போல் இருந்தது.

"இப்பச் சரியான கணக்கு. தொள்ளாயிரம் குழி, வருஷத்துக்கு அறுபது. பதினஞ்சு வருஷம் வரும். ரெண்டு ரூபா டிவிடெண்டு குறையாம வந்தா, வட்டியக் கழிச்சு இன்னைக்கு ஒரு பங்கு பதினாலு ரூபா பெறும்."

"கிராக்கி கூடுதே, இருபது சொல்லும்மா!" என்று ஒருவர் ஏலம் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"டிவிடெண்டு ரெண்டரை ஆச்சுன்னா பதினேழு வரைக்கும் போகலாம். ஆகும்னு நான் எப்படிச் சொல்ல? அதுக்கு மேல சொன்னா அது கணக்கு இல்லங்க, ஜோசியம். இன்னொண்ணு, பதினஞ்சு வருஷம் கழிச்சு அங்க பள்ளந்தான் மிஞ்சும். வர்ற ரெண்டு ரூபாயும் லாபம்னு நெனச்சுச் சாப்பிட்றாதீங்க. அதுல கொஞ்சம் கல்லோட விலை."

"சோளம் அறுத்தா மறுதாம்பு தழைக்கும்" என்றாள் ஜக்கம்மாள், தன்னையறியாமல், உரக்க. "கல்லு தழைக்காது. அதத்தான் சொல்றா."

இந்தத் தடவை சிரித்தவர்கள் வேறு மாதிரிச் சிரித்தார்கள். கை தட்டல் பின்னாலிருந்து புறப்பட்டு முன்னால் வந்தது. தலைவரே இரண்டு தட்டுத் தட்டினார்.

படியிறங்கும்போது பெருமாள்சாமி பக்கத்தில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "என் தம்பி மக. நாந்தான் கூட்டியாந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். தென்னந்தோப்பைப் பற்றிப் பேச்சையே காணோம்.

"என்ன பெரிய மச்சான், வித்துரவா?" என்று கேட்டாள் ஜக்கம்மாள்.

"யாரு விக்கச் சொன்னா?" என்றார் மனுஷர், கூசாமல். "அந்தத் தரகன் எங்க? நானே மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்றேன்."

தரகரைத் தேடினார்கள். கூட்டத்தில் பெருமாள்சாமிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். "எந்தக் குழின்னு நீ எந்திரிச்சுக் கேட்டியே, அப்பவே செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. பீடி குடிக்கப் போறாராக்கும்னு இருந்தேன்" என்றார் பெருமாள்சாமி.

நகைக் கடை வாசல் வந்தது. ஜக்கம்மாள் நின்றாள். இன்றைக்கு வாங்காமல் என்றைக்கு வாங்குவது? சிவப்புக் கல் வெயிலில் கண்ணைப் பறித்தது. பக்கத்தில் பார்த்தால் வள்ளியின் கண் கடையில் இல்லை. தெருக்கோடியில், பேகம்பூர் போகிற பக்கம் இருந்தது.

"அம்மா, நீங்க தோடு வாங்குங்க. நான் செத்த நேரத்துல வந்துர்றேன். வேற யாரும் சொல்றதுக்குள்ள ஷரீஃபாக்காகிட்ட நான் சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவ?"

"தப்பாச் சொல்லிட்டேன், விக்காதீங்கன்னு."

"அச்சாரம் வாங்கிட்டாளே? மனசு மாறுனா இரட்டிப்பால்ல திருப்பணும்? அம்பத்தொண்ணுக்கு நூத்தி ரெண்டு. அவ எங்கிட்டுப் போவா?"

வள்ளி விரலை மடக்கி நாள் எண்ணினாள். டீச்சர் சம்பளம் கைக்கு வர இன்னும் பத்து நாள் கிடந்தது.

ஜக்கம்மாள் கண்ணாடிப் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தாள். ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். காது இரண்டும் ஊறியது. ஆனால் மகள் ஊர் முன்னால் எழுந்து நின்று தன் தப்பைத் தானே சொல்லியிருக்கிறாள். அந்தத் தப்பின் கூலியை ஒரு விதவை கட்டுவதா? அப்படி ஒரு தோட்டைக் காதில் போட்டுக்கொண்டு எந்தக் கண்ணாடியில் போய் முகம் பார்ப்பது?

"தோடு எங்கயும் ஓடிராது" என்று முந்தி முடிச்சை இறுக்கினாள். "நட."

பெருமாள்சாமியைக் காப்பி கிளப்பில் உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் நடந்தார்கள். மலைக்கோட்டைப் பாறைச் சூடு தெருவரைக்கும் இறங்கியிருந்தது. பேகம்பூரில் மசூதிக்குப் பின்புறச் சந்து. கதவைத் தட்டுமுன்பே ஷரீஃபா திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க டீச்சரம்மா! அக்காவுமா? உள்ள வாங்க, சர்பத் போடுறேன்."

"அக்கா, மொதல்ல கேளுங்க." வள்ளி உட்காரவில்லை. வாசற்படியிலேயே நின்று முழுதும் சொன்னாள். குழி எந்தக் குழி என்பதையும், ஏழு தப்பு, பதினாலு சரி என்பதையும், தப்பு தன்னுடையது என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். ஜக்கம்மாள் முந்தியை அவிழ்த்து நோட்டுகளை நீட்டினாள். "நூத்தி ரெண்டு. அச்சாரத்த அவன் மொகத்துல எறிஞ்சிட்டு வா."

ஷரீஃபா பணத்தைத் தொடவில்லை. சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல வடிந்தது.

"அவரு செத்த நேரத்துக்கு முன்னாடிதாங்கக்கா வந்தாரு. திங்கக்கெழம தாரேன்னவரு, குதிர வண்டியப் புடிச்சு, வேர்க்க விறுவிறுக்க வந்து எறங்கினாரு. மிச்சப் பணத்த முழுசா எண்ணி வச்சாரு, கையெழுத்து வாங்கினாரு, போயிட்டாரு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

வள்ளி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்... என்னாலதான்..."

"இதென்ன டீச்சரம்மா?" என்று ஷரீஃபா அவள் தோளைப் பிடித்தாள். அழ வேண்டியவள் தேற்றினாள். "நீங்க தெரிஞ்சா சொன்னீங்க? யாருக்குத்தான் தெரியும், ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு குழி இருக்கும்னு?"

"தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்திருக்கான்" என்றாள் ஜக்கம்மாள்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜக்கம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த தரகர், காலையில் சட்டென்று காப்பியை வாயில் ஊற்றிக்கொண்ட தரகர், கூடுதலாகச் சிரித்த சிரிப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"காலைல காப்பி கிளப்புல அந்தாளு என்னடி சொன்னான்? தொள்ளாயிரம் புட்டுன்னு!"

வள்ளி துள்ளி எழுந்தாள். "பிட்டு! ஆபீஸ்ல சொல்ற பிட்டு! அம்மா, அவருக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சேதான் நம்ம தப்புக் கணக்க ஊர் பூராம் சொல்லி வாங்கியிருக்காரு!"

"அதான் ஏழு ரூபாப் பொருளுக்குப் பதினொண்ணு." ஜக்கம்மாள் நோட்டுகளைத் திரும்ப முந்தியில் முடிந்தாள். "கம்பெனிப் புத்தகத்துல பேரு எப்ப மாறும்?"

"மானேஜர் பாத்து, டைரக்டருங்க ஒத்துக்கிட்ட பெறகுதாம்மா. அதுக்கு நாளாகும்."

"அப்ப இன்னும் குழி மூடல. ஷரீஃபா, துப்பட்டியப் போட்டுக்கிட்டுக் கிளம்பு. நேரா சுருளிவேலு வீட்டுக்குப் போறோம். காலைல அவன் முழுங்கின புட்ட அவன் வாசல்லயே வச்சு, ஊரு கேக்கப் புட்டுப் புட்டு வைக்கிறேன்."

ஷரீஃபா தயங்கினாள். "பெரிய வீட்டு ஆளுங்கக்கா. கதவத் தெறந்து, நீங்கள்லாம் யாருன்னு கேட்டா என்ன சொல்றது?"

ஊர் வைத்த அந்தப் பேரை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ஜக்கம்மாள் தன் வாயால் சொன்னது கிடையாது. இப்போது சொன்னாள்; சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்.

"கல்லுக்காரி வந்திருக்கான்னு சொல்லு."